இமையை வெட்டிக்கொண்ட அம்மா எழுதுவது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று கேட்டாலே எனக்குப் போதும், ஆனால் அதைக்கூட இப்போது அப்பா வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து வாரமாக நீ என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்து, அம்மா தூங்குகிறாளா, சரி அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். நான் தூங்கவில்லை, பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் நீ கேட்டதும் இருமினார். அந்த இருமலை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். போகட்டும். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் முக்காலில் கத்துவேன். காகிதத்தில் அது நடக்காது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு, நடுவில் கோபப்பட்டு மடித்து வைத்துவிடாதே.

வீட்டுச் செய்தி என்றால், சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஊரில் இருக்கிற லிப்ட் எல்லாம் அப்பா கை பட்டால் ஓடுகிறது, வீட்டுக் குழாய் மட்டும் அவரை மதிக்கமாட்டேன் என்கிறது. அத்தை பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு நமக்கு அடுத்த தெருவுக்கே குடிவந்துவிட்டாள், இனிமேல் அவளுடைய யோசனைகள் ஆறிப்போகாமல் சூடாகவே வந்து சேரும். பெரிய செய்தி ஒன்றுதான். செய்துகொண்டுவிட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்த நான்காம் நாள், இரண்டு கண்ணிலும் மேலிமையில் தொங்கிய தோலை வெட்டி எடுத்துத் தைத்துவிட்டார்கள். நீ பயந்த எதுவும் நடக்கவில்லை, நானும் பயந்தேன், அதுவும் நடக்கவில்லை. அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். நீ கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாராம், நீ கேட்கவே இல்லையாம். இரண்டு பேரும் நல்ல ஜோடி.

இதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அன்று போனில் நான் உனக்கு நடுவிலிருந்து சொன்னேன். இரண்டு வருடமாக எனக்குக் கழுத்து வலி என்று உனக்குத் தெரியும். தலையணை மாற்றினேன், தைலம் தேய்த்தேன், கழுத்துப்பட்டை போட்டேன், மாலையானால் நெற்றியும் சேர்ந்து வலிக்கும். கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று கண்ணாடியும் மாற்றினேன். என் வேலை உனக்குத் தெரியும், ஆனாலும் நீ கடைசியாகக் கிடங்குக்கு வந்தது பள்ளிக்கூடச் சீருடையில் என்பதால் சொல்கிறேன். அச்சகத்துக்குப் போகும் காகித உருளை ஒவ்வொன்றும் ஒரு டன். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் கிரேன் ஓடும், அதன் கூண்டுக்குள் ஓட்டுகிறவர் இருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர். கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவள் நான். உருளையில் இரண்டு பெல்ட் சுற்றி, இரண்டின் நுனியிலும் காது மாதிரி இருக்கிற வளையம் கொக்கிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்து, விரலை மேலே சுழற்றினால் தூக்குவார், விரல்களை மடக்கிக் காட்டினால் நிறுத்துவார். நான் பார்க்காமல் அவர் தூக்கக் கூடாது. இருபத்தைந்து வருடமாக அவர் கண் நான், என் கை அவர்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீக்கு முன்னால், ஒரு பெல்ட்டின் காது கொக்கியின் நுனியில்தான் நின்றிருந்தது. நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று விரலைச் சுழற்றினேன். உருளை முழங்கால் உயரம் எழும்பியதும் அந்தக் காது நழுவிவிட்டது. உருளை ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் விளிம்பு இடித்து, உருண்டு போய், மஞ்சள் தூணில் முட்டி நின்றது. லேபிள் ஒட்டுகிற பெண் அந்தத் தூணுக்கு இரண்டு அடி தள்ளி நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லேபிள் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் குடித்தாள். மேல்வீட்டுக்காரர் தூசிக்குக் கட்டிய முகத்துணியோடே ஏணியில் இறங்கி வந்தார், அவர் வேலை நேரத்தில் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை. விபத்துப் பதிவேட்டை நான் கையில் எடுத்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், "கொக்கி சரியா மாட்டல, அவ்வளவுதான். நீங்க ஏன் உங்க பேர எழுதிக்கறீங்க?" நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. கொக்கியை நான் பார்க்கவில்லை, பார்த்ததாக நினைத்துக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பாதுகாப்பு அதிகாரி உன் வயதுக்காரர், மரியாதையான ஆள். கண் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவரைக்கும் வாசலில் உள்ளே வருகிறவர்களுக்குப் பாஸ் கொடுக்கிற மேசையில் உட்காரலாம், விருப்பம் இருந்தால் அங்கேயே தொடரலாம், நிழலாக இருக்கும் என்றார். நிழல் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர நாலு மாதம் அந்த மேசையில்தான் உட்கார்ந்தேன், வருகிறவன் போகிறவனெல்லாம் என்னைப் பார்த்து, ஏன் மேடம் கோபமாக இருக்கீங்க என்று கேட்டான். நான் கோபமாக இல்லை. என் முகம் அப்படி இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டு, பார்த்தீர்களா என்று திரும்பினேன். அங்கே சோதனை செய்கிற பெண் சிரித்துக்கொண்டே என்னை வேறு ஓர் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தாள். வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையைவிட்ட மாதிரி இருக்கும், நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எங்கே சின்ன வெளிச்சம் மின்னினாலும் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். முடிந்ததும் காகிதத்தைக் காட்டினாள், மேல்பாதி முழுக்கக் கறுப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை, இயந்திரம் பழுது என்று நினைத்தேன். அப்புறம் அவள் ஒட்டும் நாடாவைக் கிழித்து என் இமைத் தோலை மேலே தூக்கிப் புருவத்தோடு ஒட்டிவிட்டு, மறுபடி பாருங்கள் என்றாள். அதே கிண்ணம். மேலேயிருந்து வெளிச்சம் வெளிச்சமாகக் கொட்டியது. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே அழுதேன். நாடா இழுக்கிறதா, வலிக்கிறதா என்று அந்தப் பெண் பதறிப்போய்க் கேட்டாள். வலிக்கவில்லை. நான் உன்னை நினைத்துக்கொண்டேன்.

உனக்கு ஒன்பது வயது, வகுப்புப் புகைப்படம் எடுக்கிற நாள். குளியலறையைப் பூட்டிக்கொண்டு அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது இரண்டு இமையையும் செல்லோ டேப்பால் தூக்கி ஒட்டியிருந்தாய். தூங்குமூஞ்சி என்று வகுப்பில் சொல்கிறார்கள் என்றாய். எனக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது, ஈரக் கையோடு பிய்த்தேன், இடது கண்ணில் தோல் உரிந்து வந்துவிட்டது. அந்தச் சிவப்புக் கோடு படத்திலும் இருக்கிறது. அப்புறம் நான் உன்னை நிற்கவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். இது நம்ம கண், அப்படியே என் கண்ணை உரித்து உனக்கு வைத்திருக்கிறது, இதில் ஒரு குறையும் கிடையாது, எவள் என்ன சொன்னாலும் நிமிர்ந்து நில் என்றேன். நீ அழாமல் கேட்டுக்கொண்டு நின்றாய். நான் பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.

இனி டாக்டர். என் வயதுதான், சின்னக் கை, பேச்சில் மிச்சம் வைக்காதவர். ஜன்னல் திரையைக் காட்டி எனக்குப் புரியவைத்தார். வெளியே தெரியாமல் போவதற்கு மூன்று காரணம் இருக்கலாம் என்றார். திரைத் துணியே நீளமாகித் தொங்கலாம், அப்படியென்றால் துணியை வெட்டித் தைக்க வேண்டும், அதாவது இமை மடிப்பிலேயே கீறி, மிச்சத் தோலை எடுத்துவிட்டு, மடிப்புக்குள்ளேயே தழும்பு மறைகிற மாதிரி தையல். திரை மாட்டிய கம்பியே கீழே இறங்கியிருக்கலாம், அதாவது புருவம் சரிந்திருக்கலாம், அப்படியென்றால் கம்பியைத் தூக்க வேண்டும், முடிக்குள்ளே கீறிப் புருவத்தை மேலே இழுத்துக் கட்டுவார்கள். மூன்றாவது, திரையை இழுக்கிற கயிறு தளர்ந்திருக்கலாம், இமையைத் தூக்குகிற தசைதான் அது, அப்படியென்றால் தோலை வெட்டி ஒரு பயனும் இல்லை, தசையைச் சுருக்கித் தைக்க வேண்டும். சின்ன அளவுகோலை வைத்துக் கண்மணிக்கும் இமை ஓரத்துக்கும் நடுவே அளந்தார், புருவத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள் என்றார். எனக்குக் கயிறு சரியாக இருக்கிறது, துணிதான் நீளம், கம்பியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இத்தனை வருடம் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தாலேயே இமையைத் தூக்கிக்கொண்டிருந்தீர்கள், கழுத்தையும் அதற்காகத்தான் பின்னால் சாய்த்தீர்கள், அந்த வலிதான் இது என்றார். இரண்டு வருடத் தைலம் வீண்.

வெட்டாமல் வழியில்லையா என்று அப்பா கேட்டார், அவர்தான் முதலில் கேட்டார். இருக்கிறது என்றார் டாக்டர். தினமும் நாடா ஒட்டிக்கொள்ளலாம், கண்ணாடிச் சட்டத்தில் உள்பக்கம் மெல்லிய கம்பி வைத்து இமையைத் தாங்கலாம், புருவத்தில் ஊசி போட்டால் மூன்று நாலு மாதத்துக்குக் கொஞ்சம் தூக்கும். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், இது உயிர் போகிற விஷயம் இல்லை என்றும் சொன்னார். கெடுதலையும் மறைக்கவில்லை. கண் உலர்ந்துபோகலாம், தோலை அதிகம் எடுத்துவிட்டால் கண் மூடாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராமல் போகலாம், ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இல்லாத அளவு அபூர்வமாக உள்ளே ரத்தம் கட்டிப் பார்வையே போகலாம். அந்தக் கடைசி வார்த்தையில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாப்பிடும்போது, எனக்கு நீ இப்படியே அழகுதான், யாருக்காக வெட்டிக்கொள்ளப் போகிறாய் என்றார். நான் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன், "நீங்க பாக்கறதுக்கு இல்லங்க. நான் பாக்கறதுக்கு."

இந்தப் பக்கம் இவர் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் அத்தை எல்லாமே வேண்டும் என்றாள். அண்ணி, கத்தி வைக்கிறதுதான் வைக்கிறீர்கள், புருவத்தையும் தூக்கிவிடுங்கள், கண்ணுக்குக் கீழே பையையும் எடுத்துவிடுங்கள், கன்னத்தையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த முகங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினாள். பத்து முகம். பத்தும் ஒரே ஆளுக்குப் பிறந்த மாதிரி இருந்தது. எல்லாரும் எதையோ பார்த்துத் திடுக்கிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு அந்தக் கண் வேண்டாம் என்றேன். பின்னே எந்தக் கண்தான் வேண்டும் என்று கோபித்துக்கொண்டாள். நியாயமான கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் உன்னிடம் சொன்னேன். நான் வேலைக்காக என்றேன், கிண்ணம், கறுப்புக் காகிதம், கொக்கி எல்லாம் சொன்னேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேறு வேலை பார்க்கலாமே என்றாய், பாஸ் மேசைக்கு என்ன குறை என்றாய், அதற்கெல்லாம் நான் பதில் வைத்திருந்தேன். அப்புறம் நீ கேட்டாய், "உன் கண்ண வெட்டிக்கிட்டா, என் கண்ணப் பத்தி நீ என்ன சொல்றம்மா?" வேண்டாம் என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். முப்பத்திரண்டு வயதில், நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது அதே கேள்வி வேறு மாதிரி கேட்டது. இருபத்துமூன்று வருடமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய் என்று பட்டது.

ஆனாலும் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையின் காரணம் என்று போட்டு, பார்வைக்காக என்று ஒரு கட்டம், தோற்றத்துக்காக என்று ஒரு கட்டம். நான் பேனாவை எடுத்து யோசித்தேன். மூன்று மாதம் வாசலில் உட்கார்ந்து கோபமில்லாத கோபத்துக்குப் பதில் சொன்னது ஞாபகம் வந்தது. புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவன் கண்ணைத் திறங்க மேடம் என்று மூன்று தடவை சொன்னதும், நான் மூன்று தடவையும் திறந்தே வைத்திருந்ததும், வெளியே வந்து சிரித்துவிட்டு அப்புறம் கழிவறைக் கண்ணாடியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றதும் ஞாபகம் வந்தது. உன்னிடமும் அப்பாவிடமும் பாதுகாப்பு அதிகாரியிடமும் வேலைக்காக வேலைக்காக என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது. இரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன். படிவம் வாங்குகிற பெண், ஏதாவது ஒன்றில்தான் போட வேண்டும், பார்வையில் மட்டும் போடுங்கள், அதுதான் மரியாதையாக இருக்கும் என்றாள். மரியாதை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ வீம்பு வந்துவிட்டது. "ரெண்டுக்கும்தாம்மா. ரெண்டுமே என்னோடதுதான்" என்றேன். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் புதுப் படிவத்தை நீட்டினாள், அதிலும் இரண்டு டிக் போட்டேன். கடைசியில் டாக்டரே வந்து படித்துவிட்டு, கீழே தன் கையால் இரண்டுக்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

டாக்டரிடம் ஒரு பழைய படத்தை எடுத்துப்போயிருந்தேன். எனக்கு இருபத்தாறு வயது, நீ என் மடியில், இரண்டு பேருக்கும் அரைத்தூக்கத்தில் இருக்கிற மாதிரி அதே கண். இதுதான் வேண்டும், வேறு யாருடைய கண்ணும் எனக்கு வேண்டாம், புருவத்தைத் தொடக் கூடாது என்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றையும் பாக்கி வைக்காமல் கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறதே என்றார். அப்புறம் நேராகச் சொன்னார், இருபத்தாறு வயதுக் கண்ணைத் தர முடியாது, ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணைத் திறந்து தர முடியும், புருவத்தைத் தொடாவிட்டால் வெளிப்பக்கம் கொஞ்சம் கனமாகவேதான் நிற்கும், சம்மதமா என்று. சம்மதம் என்றேன். அந்தக் கனம்தான் நம்முடையது.

அறுவையன்று உட்காரவைத்துப் பேனாவால் இமையில் கோடு போட்டார்கள், படுத்தால் தோல் பின்னால் போய்விடுமாம். மரத்துப்போக ஊசி போட்டபோதுதான் வலித்தது, எறும்பு பத்தாகச் சேர்ந்து கடித்த மாதிரி. மற்றபடி முழு நினைவோடு இருந்தேன், நடுநடுவே கண்ணைத் திறங்கள், மூடுங்கள் என்றார்கள். கத்தரியின் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே ஒருவர் கிரிக்கெட் பேசினார், எனக்கு அது தைரியமாக இருந்தது, பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் விளையாட்டுப் பேசமாட்டார்கள். வெளியே வந்தபோது அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார். வீட்டில் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிழிந்து வைத்தார், நேரம் பார்த்து மருந்து போட்டார், மூன்று தலையணை அடுக்கினார். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன், யாரோ என்னை நன்றாக அடித்துப் போட்ட மாதிரி ஊதா, மஞ்சள், பச்சை. வலது கண் முழுசாக மூடவில்லை, ஒரு வாரம் தூங்கும்போதும் கொஞ்சம் திறந்தே இருந்ததாம். அன்று, ஒத்துக்கொள்கிறேன், தப்பு செய்துவிட்டேனோ என்று நினைத்தேன். நீ சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்றும் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள், வீக்கம் வடிய வடிய அந்த நினைப்பும் வடிந்தது.

இடது இமை வலதைவிட ஒரு நூல் இறங்கித்தான் நிற்கிறது. ஆறு மாதம் கழித்து வேண்டுமானால் சரிசெய்யலாம் என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். அத்தை வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை பாடு, பழைய ஆள் மாதிரியேதானே இருக்கிறீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாள். அவள் வாயால் அதைவிட நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. அப்பா மட்டும் ஒருநாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இத்தனை நாள் நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்து வாயை மூடிக்கொண்ட நேரமெல்லாம் வீணா என்று கேட்டார். பாதிதான் வீண் என்றேன்.

மறுபடி அந்தக் கிண்ணத்துக்குள் தலையைவிட்டேன், நாடா இல்லாமல். மேல்பாதியில் ஓரத்தில் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி, மற்றதெல்லாம் வெள்ளை. காகிதத்தைப் பாதுகாப்பு அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு, இன்னும் ஒரு மாதம் வாசலில் ஓய்வாக இருக்கலாமே என்றார். என் தலைக்கவசத்தைக் கொடுங்கள் என்றேன். இந்தத் திங்கட்கிழமை கிடங்கில் நின்றேன். கழுத்தைச் சாய்க்காமல் கண்ணை மட்டும் மேலே ஓட்டினேன், கொக்கி, அதற்கு மேலே வடம், அதற்கு மேலே கூண்டு, கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால் மேல்வீட்டுக்காரர் முகம். அவருக்கு மீசை இல்லை. மீசையை எப்போது எடுத்தீர்கள் என்று கத்திக் கேட்டேன். போன வருடமே எடுத்துவிட்டாராம். லேபிள் ஒட்டுகிற பெண் தூணருகே நின்று என்னையே பார்த்தாள். பெல்ட்டின் இரண்டு காதும் கொக்கியின் அடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்தேன், அவளுக்காக இன்னொரு தடவையும் பார்த்தேன். அப்புறம் விரலைச் சுழற்றினேன். உருளை நேராக எழும்பியது. அவள் லேபிளைக் கிழித்து அடுத்த உருளையில் ஒட்டப் போய்விட்டாள், அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அன்று முழுவதும் யாரோ மாலை போட்ட மாதிரி இருந்தது.

இனி உன் கேள்வி. என் கண்ணை வெட்டிக்கொண்டதால் உன் கண்ணைப் பற்றி நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. என் இமை என் வாய் இல்லை. நான் வெட்டிக்கொண்டதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அப்பாவிடம் கேட்கவில்லை, அத்தையிடம் கேட்கவில்லை, படிவம் வாங்கிய பெண்ணிடமும் கேட்கவில்லை. தோற்றத்துக்காகவும்தான் என்று சொன்னதற்கும் வெட்கப்படவில்லை, ஐம்பத்தெட்டு வயதில் என் முகம் நான் நினைக்காததையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தால் அதை அடக்க எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கிறேன், அதை எழுதத்தான் இத்தனை பக்கம். உனக்கு ஒன்பது வயதில் நான் சொன்னது பொய் இல்லை, அந்தக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது, இப்போதும் சொல்வேன். ஆனால் அன்று நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் சொன்னார்கள், எத்தனை நாளாகச் சொல்கிறார்கள், உனக்கு எப்படி இருந்தது, எதையும் கேட்கவில்லை. நிமிர்ந்து நில் என்று உத்தரவு போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். அந்த உத்தரவை நீ இவ்வளவு வருடம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாய், நடுவில் நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி உனக்கு இருந்திருக்கும். அந்த உத்தரவை இன்றோடு ரத்து செய்கிறேன். உன் கண்ணைப் பிடித்திருந்தால் பிடிக்கட்டும், பிடிக்காத நாளில் பிடிக்காமல் இருக்கட்டும். அப்படியே வைத்துக்கொள், வெட்டிக்கொள், எதுவானாலும் யாருக்கும் விளக்கம் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே. எனக்காகப் பெருமைப்படவும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று, அம்மாவாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மாலையில் உனக்கு நெற்றி வலிக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயாம். நாற்பதுக்கு முன்னால் ஒரு தடவை அந்தக் கிண்ணத்துக்குள் தலையைவிட்டுப் பார்த்துவிடு. மேலே இருப்பது தெரியவில்லை என்பது, தெரியாத ஆளுக்குத் தெரியாது, எனக்கு உருளை விழுந்துதான் தெரிந்தது. ஏதாவது செய்துகொள்ளச் சொல்லவில்லை, தெரிந்துகொள் என்கிறேன். கோபத்திலும் வேளைக்குச் சாப்பிடு. பிள்ளைகள் விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துவந்து மங்கின வெளிச்சத்தில் திருத்தாதே. நீ நினைத்த இடத்தில், நினைத்த முகத்தோடு, நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார், இதற்கு மட்டும் இருமவில்லை.

என் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கும். படம் அனுப்பவில்லை, வேண்டுமென்றே அனுப்பவில்லை. வந்து பார்.

உன்,
அம்மா